நம்ம ஏரியா தியேட்டரின் கதை: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடங்களில் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் ஒரு தியேட்டர் இருந்தது. பல இடங்களில் இப்போது இல்லை. அந்தத் தியேட்டர்களின் வரலாற்றைத் திரட்டி எழுதி வருகிறேன். இது தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

எந்தெந்தத் தியேட்டர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

முக்கியமாகக் கன்டோன்மென்ட் பக்கம், அதாவது பிரிட்டிஷ் படை தங்கியிருந்த பழைய ராணுவக் குடியிருப்புப் பகுதி. சிவாஜிநகர் எல்ஜின், ஃபிரேசர் டவுன் எவரெஸ்ட், செயின்ட் ஜான்ஸ் ரோடு லாவண்யா, அல்சூர் அஜந்தா, டிரினிட்டி சர்க்கிள் பக்கம் இருந்த லிடோ, எம்.ஜி. ரோடு பிளாசா, பிரிகேட் ரோடு ரெக்ஸ், ஓபரா. மேற்கே போனால் சேஷாத்ரிபுரம் நடராஜ்.

பிளாசாவிலும் ரெக்ஸிலும் ஓடியது ஆங்கிலப் படம்தானே, அவற்றை ஏன் சேர்க்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எந்த மொழிப் படம் ஓடியது என்பதை மட்டும் வைத்துத் தியேட்டரைப் பிரித்தால் பாதிக் கதை போய்விடும். அங்கே டிக்கெட் கிழித்தவர்கள், டார்ச் அடித்து இடம் காட்டியவர்கள், இடைவேளையில் தட்டு ஏந்தி வந்தவர்கள் இவர்களில் பலரும் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இருந்து போன தமிழர்கள். அவர்கள் வேலை செய்த இடமும் நம் கதையில் சேர்ந்ததுதான்.

கர்நாடகத் தலைநகரில் தமிழ்ப் படத்துக்கு இத்தனை தியேட்டர் எப்படி வந்தது?

சினிமாவுக்கு ஏறத்தாழ நூறு வருடம் முன்னால் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பிரிட்டிஷ் படையை 1809இல் பெங்களூருக்கு மாற்றினார்கள். அல்சூரை ஒட்டிப் பாளையம் அமைந்தது. படைக்கு வேண்டிய ஆட்கள் சென்னை மாகாணத்தில் இருந்து வந்தார்கள்: கொத்தனார், தையற்காரர், சமையற்காரர், குத்தகைக்காரர், வியாபாரி, எழுத்தர். வட ஆற்காடு பக்கத்தில் இருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் இருப்பிடமும் அல்சூர் ஏரிப் பக்கம்தான். அந்தப் படைவீரர்களை இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிவாஜிநகர் தண்டு மாரியம்மன் கோயில் பெயரில் இருக்கும் தண்டும் அந்தப் படையைத்தான் குறிக்கும்.

நிர்வாகமும் வேறு வேறு. பழைய ஊரான பேட்டைப் பகுதி மைசூர் அரசின் கையில் இருந்தது. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் எனப்பட்ட கன்டோன்மென்ட் பகுதி பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டின் கையில் இருந்தது. கன்டோன்மென்ட் மைசூர் அரசின் கைக்கு வந்தது 1947இல்தான். ஆக, சினிமா இந்த ஊருக்கு வந்தபோது ஒரே ஊருக்குள் இரண்டு நகரம் இருந்தது. கிழக்கே தமிழும் உருதும் ஆங்கிலமும் புழங்கின. மேற்கே கன்னடமும் தெலுங்கும். தியேட்டர்களும் அப்படியே முளைத்தன. தமிழ்ப் படம் பெங்களூருக்கு வெளியில் இருந்து பிற்காலத்தில் வந்து நுழைந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். பேசும் படம் வருவதற்கு முன்பே இங்கே அதற்குக் கூட்டம் காத்திருந்தது.

மேற்குப் பக்கம் ஸ்ரீராமபுரம் கதை வேறு. அங்கே தமிழர்களைக் கொண்டுவந்தது ராணுவமல்ல, பஞ்சாலை. பின்னி மில் 1884இல் தொடங்கியது. ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளிகளுக்கு அன்றைய பெரிய பொழுதுபோக்கு சினிமா. சேஷாத்ரிபுரம் நடராஜ் தமிழ்ப் படத்துக்குப் பேர்போன தியேட்டராக ஆனதற்கு அந்தக் குடியிருப்புகள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

ஊரின் முதல் தியேட்டர் எது?

எல்ஜின் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1896இல் வீரபத்திர முதலியார் கட்டியது. அப்போது இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர் எல்ஜின் பிரபு, பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் 1896இல் அது நாடக மேடை. அதே வருடம் ஜூலை 7ஆம் தேதிதான் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் இந்தியாவின் முதல் படக்காட்சியே நடந்தது. எல்ஜினில் படம் வந்தது பிறகு. அதனால் 'முதல் தியேட்டர்' என்று சொல்லும்போது கட்டடம் முதலா, படக்காட்சி முதலா, பேசும் படம் முதலா என்று பிரித்துச் சொல்வது நல்லது.

முதல் தமிழ்ப் பேசும் படம் 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. முதல் கன்னடப் பேசும் படம் 1934 மார்ச்சில் பெங்களூர் சிட்டி மார்க்கெட் பக்கம் இருந்த பாரமவுண்டில் வெளியானது. இந்த இரண்டரை வருட இடைவெளி முக்கியமானது. கன்டோன்மென்டில் தமிழ்ப் படத்துக்கும் இந்திப் படத்துக்கும் பழகிய ரசிகர்கள் முதலில் உருவாகிவிட்டார்கள்.

நாடகக் கொட்டகை எப்படிச் சினிமா தியேட்டரானது?

ரொம்பச் சுலபமாக. நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக வந்து மாதக்கணக்கில் தங்கி நாடகம் போட்டன. கம்பெனி வராத நாட்களில் கொட்டகை சும்மா கிடந்தது. மேடையின் முன்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் சினிமா. மௌனப் படக் காலத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று எழுத்தைப் படித்துக் கதை சொல்வார், முன்னால் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொட்டகைக்காரருக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

இது கட்டடத்திலேயே தெரியும். திரைக்கு முன்னாலோ பின்னாலோ ஆழமான மேடை இருந்தால், பக்கவாட்டில் வேஷம் போடும் அறைகள் மாதிரி சின்ன அறைகள் இருந்தால், அது பெரும்பாலும் நாடகத்துக்குக் கட்டியது. மேடையே இல்லாமல் சுவரை ஒட்டித் திரை மட்டும் இருந்தால் சினிமாவுக்கென்றே கட்டியது.

காந்தி கிளாஸ் என்றால் என்ன?

திரைக்கு மிக அருகில் இருக்கும், விலை மிகக் குறைந்த வகுப்பு. பெங்களூரில் கன்னடக்காரர்களும் தமிழர்களும் இதே பெயரைத்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இதைத் தரை டிக்கெட், பெஞ்ச் டிக்கெட் என்பார்கள். கன்டோன்மென்டின் பெரிய தியேட்டர்களில் மேலே பால்கனிக்கு டிரெஸ் சர்க்கிள் என்று பெயர். ஆங்கிலேய நாடக அரங்குகளில் இருந்து வந்த பெயர் அது.

ஒவ்வொரு வகுப்புக்கும் தனி கவுண்டர், தனி வாசல், தனி கழிப்பறை. பல தியேட்டர்களில் காந்தி கிளாஸ் வாசல் பக்கத்துச் சந்தில் இருக்கும், பால்கனிப் படிக்கட்டு முன்வாசலில் இருந்து ஏறும். ஒரே படத்தைப் பார்த்தவர்கள் படிக்கட்டில்கூட ஒருவரை ஒருவர் சந்திக்காதபடி கட்டியிருந்தார்கள். அதனால் தியேட்டர் எல்லோரையும் ஒன்றாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விசில் சத்தத்துக்கு வகுப்பு கிடையாது. கீழே கைதட்டினால் மேலே கேட்டது, மேலே இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த அளவுக்காவது ஒரு பொது இடம் அது.

பெண்கள் அந்தக் காலத்தில் தியேட்டருக்கு வந்தார்களா?

நிறைய வந்தார்கள். அவர்களுக்கெனத் தனி கவுண்டர் இருந்தது. டென்ட் கொட்டகைகளில் நடுவே இடுப்பளவு சுவரோ தட்டியோ வைத்து ஒரு பக்கம் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். சமையலை முடித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து, பிள்ளைகள் பள்ளியில் இருந்து வருவதற்குள் திரும்பிவிடக்கூடிய காட்சி மேட்னி. குடும்பப் படங்கள் நூறு நாள் ஓடியதில் மேட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டில் ஆண் துணை இல்லாமல் பெண்கள் கூட்டமாகப் போய்வர முடிந்த இடங்கள் அன்று கோயில், மார்க்கெட், தியேட்டர். பாட்டிமார்களிடம் கேட்டால் நட்சத்திரங்களின் பெயரை விட யார் யாரோடு போனோம் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அதைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

ஆபரேட்டர் ரூமில் உண்மையில் என்ன நடந்தது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான்.

35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு அடிக்கு 16 கட்டம். ஒரு வினாடிக்கு 24 கட்டம் ஓட வேண்டும். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று 11 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, அதாவது நாலு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுருள். படம் தொடங்குமுன் திரையில் காட்டும் தணிக்கைச் சான்றிதழில் மீட்டரும் ரீல் எண்ணிக்கையும் போட்டிருப்பார்கள். அந்த மீட்டரை வைத்தே படம் எத்தனை மணிக்கு விடும் என்று ஆபரேட்டர் சொல்லிவிடுவார்.

இரண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்றில் ரீல் முடியும்போது அடுத்ததில் தொடங்க வேண்டும். அதற்கு அடையாளமாகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் கண நேரம் தெரியும். முதல் வட்டம் வந்தால் இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சில வினாடி கழித்து இரண்டாவது வட்டம். அப்போது மாற்ற வேண்டும். சரியாகச் செய்தால் பார்ப்பவர்களுக்கு எதுவுமே தெரியாது. ஒரு காட்சிக்குப் பல தடவை, ஒரு நாளைக்கு நாலு காட்சி, வருடம் முழுக்க. யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் திறமை. அதனாலேயே அந்த மனிதர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு ஆற்றாமை.

வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிகள். இரண்டு குச்சிகளின் நுனிக்கு நடுவே மின்சாரம் தாவி எரியும், கண் கூசும் வெள்ளை ஒளி வரும். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், திரையில் வெளிச்சம் மங்கும். ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே திருகி இடைவெளியைச் சரி செய்துகொண்டிருக்க வேண்டும். புகையும் சூடும் தாங்காது, அதனால் விளக்கில் இருந்து கூரைக்கு ஒரு புகைபோக்கிக் குழாய் போகும். பழைய தியேட்டர்களின் பின்பக்கக் கூரையில் அந்தக் குழாயைச் சில இடங்களில் இன்னும் பார்க்கலாம். பிறகு குச்சி தேவைப்படாத ஸீனான் விளக்கு வந்து இந்தக் கஷ்டம் தீர்ந்தது.

தீ பயமும் இருந்தது. 1950களின் தொடக்கம் வரை படச்சுருள் நைட்ரேட்டில் செய்யப்பட்டது. அது பற்றிக்கொண்டால் தண்ணீரில் போட்டாலும் அணையாது. அதனால்தான் ஆபரேட்டர் ரூமுக்குத் தடித்த சுவர், இரும்புக் கதவு. படம் போகும் துவாரங்களுக்கு மேலே இரும்புத் தகடு தொங்கும். சூடு அதிகமானால் அதைப் பிடித்திருக்கும், எளிதில் உருகும் உலோகக் கண்ணி உருகி, தகடு தானாகவே விழுந்து துவாரத்தை மூடும். உள்ளே இருப்பவரைவிட அரங்கில் இருப்பவர்களைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு.

புதுப் படம் ஏன் சில தியேட்டர்களுக்குத் தாமதமாக வந்தது?

பிரிண்ட், அதாவது படச்சுருளின் பிரதி, எண்ணிக்கை குறைவு, விலை அதிகம். தமிழ்ப் பட வியாபாரத்தில் செங்கல்பட்டு, சேலம், கோவை, மதுரை–ராமநாதபுரம் என்று ஏரியா பிரித்து விற்பார்கள். கர்நாடகா அதற்கு வெளியே தனி ஏரியா. இங்கே உரிமை வாங்கியவர் கையில் இருக்கும் சில பிரிண்ட் பெட்டிகளை முதலில் கூட்டம் வரும் தியேட்டருக்குக் கொடுப்பார். அது ஓடி முடித்ததும் பெட்டி அடுத்த சுற்றுக்குப் போகும். நாலாவது சுற்றில் டென்ட் கொட்டகைக்கு வரும்போது பிரிண்டில் கோடு கோடாக மழை பெய்யும்.

ஒரே பெட்டியை இரண்டு தியேட்டர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. ஒரு இடத்தில் காட்சியை முன்னதாக ஆரம்பித்து, முடிந்த ரீல்களை உடனே சைக்கிளிலோ ஆட்டோவிலோ அடுத்த தியேட்டருக்கு அனுப்புவார்கள். டிராஃபிக்கில் மாட்டினால் அங்கே இடைவேளை நீளும்.

2005ஐ ஒட்டி சென்னையின் க்யூப், மும்பையின் யூஎஃப்ஓ போன்ற டிஜிட்டல் முறைகள் வந்தன. பத்து வருடத்துக்குள் பெட்டி என்பதே இல்லாமல் போனது. சென்னையில் வெளியாகும் நிமிடத்திலேயே அல்சூரிலும் வெளியாகும் வசதி வந்தது. ரசிகனுக்கு இது பெரிய லாபம். ஆனால் ஊர் முழுக்க ஒரே நாளில் வெளியாகும்போது 'நம்ம தியேட்டரில் எப்போது வரும்' என்று காத்திருந்து பார்க்கும் இரண்டாம் சுற்றுத் தியேட்டர்களுக்கு வேலையில்லாமல் போனது. அவை மூடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1991இலும் 2000இலும் என்ன ஆனது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வீட்டில் பெரியவர்கள் அதிகம் பேசுவதில்லை.

காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூனில் இடைக்கால உத்தரவு கொடுத்தது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் வெடித்தது. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. 2000 ஜூலை 30இல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். நவம்பர் 15இல் அவர் விடுதலையாகும் வரை 108 நாள் ஊர் பதற்றத்தில் இருந்தது. 2016 செப்டம்பரில் மறுபடியும் காவிரிக் கலவரம். இப்படிப்பட்ட ஒவ்வொரு சமயத்திலும் முதலில் இறக்கப்படுவது தமிழ்ப் படம், முதலில் கிழிக்கப்படுவது தமிழ் போஸ்டர். 2018 ஜூனில் ரஜினிகாந்த் படம் ஒன்று காவிரி பற்றிய அவர் பேச்சுக்காக இங்கே எதிர்க்கப்பட்டு, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அவர் இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்.

தியேட்டர் வரலாற்றில் இதை மறைக்கக் கூடாது, ஊதிப் பெருக்கவும் கூடாது. தியேட்டர் முதலாளிக்கு ஒவ்வொரு முறையும் கண்ணாடி, திரை, நாற்காலி என நஷ்டம். பல தியேட்டர்களின் முதலாளி, மேனேஜர், ஆபரேட்டர், ஸ்டால்காரர் நாலு மொழிக்காரர்கள். அடி எல்லோருக்கும் விழுந்தது. பிரச்சினை அடங்கியதும் அதே தியேட்டரில் கன்னடப் படமும் தமிழ்ப் படமும் மாறி மாறி ஓடின, இரண்டுக்கும் அதே தெருக்காரர்கள் வந்தார்கள். இந்த இரண்டாவது பகுதியையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு வரலாறு.

தியேட்டர்கள் ஏன் மூடப்பட்டன? டிவியாலா, மல்டிபிளெக்ஸாலா?

இரண்டும் உண்டு. ஆனால் பெங்களூரில் மூல காரணம் நிலம். தியேட்டர் என்பது நகரின் நடுவே ஒரு பெரிய மனை. அதில் ஒரு நாளைக்கு நாலு முறை நாற்காலி நிரம்பினால்தான் வருமானம். அதே மனையில் கடைகளும் அலுவலகங்களும் கட்டினால் மாதா மாதம் வாடகை. மூன்றாம் தலைமுறையில் சொத்து ஏழெட்டுப் பேருக்குப் பிரியும்போது, படம் ஓட்டலாம் என்று சொல்பவர் ஒருவர் இருப்பார், விற்கலாம் என்பவர் மற்ற எல்லோரும்.

பிறகு வியாபார முறை. கர்நாடகாவில் ஒற்றைத் திரை தியேட்டர்கள் பெரும்பாலும் வார வாடகை வாங்கின. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளரோ விநியோகஸ்தரோ வாடகை கொடுக்க வேண்டும். மல்டிபிளெக்ஸ்களோ வசூலில் பங்கு என்றன. சின்னப் படக்காரர்கள் பங்கு முறையைத்தான் விரும்புவார்கள். வரியும் ஒரு பாரம். ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வரும் வரை கன்னடப் படத்துக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்தது, மற்ற மொழிப் படங்களுக்கு வரி உண்டு. உள்ளூர் மொழிக்குச் சலுகை கொடுப்பது நியாயம்தான். ஆனால் பிற மொழிப் படத்தை நம்பியிருந்த கன்டோன்மென்ட் தியேட்டர்களுக்கு அது சுமைதான். கடைசியில் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடியபோது, தள்ளாடிக்கொண்டிருந்தவை பல மறுபடி திறக்கவே இல்லை.

மூடியவை இப்போது என்னவாக இருக்கின்றன?

பிளாசா 1936இல் லண்டன் பிக்காடிலியில் இருந்த பிளாசாவை மாதிரியாக வைத்துக் கட்டப்பட்டது. அது இருந்த இடத்தில் இப்போது எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையம். 2011 அக்டோபர் 20 முதல் அங்கே ரயில் நிற்கிறது. லிடோ இடத்தில் மால், மாலின் பெயரில் மட்டும் லிடோ இருக்கிறது. ரெக்ஸ் 2018 டிசம்பர் கடைசியில் மூடியது. காந்திநகரில் 1968இல் வளைந்த பெரிய சினிராமா திரையோடு வந்த கபாலி இடிக்கப்பட்டுவிட்டது. மெஜஸ்டிக் தியேட்டர் போய்ப் பல காலம் ஆகிறது, ஆனால் அந்த வட்டாரமே மெஜஸ்டிக். பஸ் ஸ்டாண்டுக்குக் கெம்பேகௌடா பெயர் வைத்தும் கண்டக்டர்கள் மெஜஸ்டிக் என்றுதான் கூவுகிறார்கள்.

ஓபராவின் பழைய கட்டடத்தை மட்டும் இடிக்காமல் புதுப்பித்தார்கள், 2018இல் அது சாம்சங் காட்சியகமாகத் திறந்தது. படம் ஓடாவிட்டாலும் கட்டடம் நிற்பது நல்லது என்பது என் கட்சி. சுவரும் மேடையும் இருந்தால் யாராவது ஒருவர் இது என்ன இடம் என்று கேட்பார்.

எங்கள் ஏரியா தியேட்டரின் வரலாற்றை நானே எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

கட்டடம் நின்றால் கட்டடத்தில் இருந்து. முகப்பில் சிமெண்டில் புடைத்த எழுத்தும் வருடமும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடுக்குக்கு அடியில் மறைந்திருக்கும். ஆபரேட்டர் ரூம் சுவரில் எத்தனை துவாரம் என்று எண்ணினால் எத்தனை மெஷின் இருந்தது என்று ஊகிக்கலாம். திரைச் சட்டத்தைக் கவனியுங்கள். பழைய படம் கிட்டத்தட்டச் சதுரம், அகலமான சினிமாஸ்கோப் வந்தது 1953இல். அதற்கு முந்தைய தியேட்டர்களில் அகலத் திரைக்காகப் பக்கத் தூண்களை உடைத்த தடம் இருக்கலாம்.

அடுத்து காகிதம். 1918ஆம் ஆண்டுச் சினிமாட்டோகிராஃப் சட்டத்துக்குப் பிறகு படம் காட்ட உரிமம் வேண்டும். பிற்காலத்துக்கு 1964ஆம் ஆண்டின் கர்நாடக சினிமா ஒழுங்குமுறைச் சட்டம். உரிமக் கோப்பில் இருக்கை எண்ணிக்கை, வரைபடம், உரிமையாளர் பெயர் எல்லாம் வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்கலாம். நிலம் யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு வில்லங்கச் சான்று, கர்நாடக அரசின் காவேரி தளத்தில் விண்ணப்பிக்கலாம். 1947க்கு முந்தைய கன்டோன்மென்ட் விஷயம் என்றால் ரெசிடென்சி ஆவணங்களைத் தேட வேண்டும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பு இரண்டையும் பாருங்கள். பேட்டைப் பக்கத் தியேட்டருக்கு மைசூர் அரசு ஆவணங்கள், அதற்குக் கர்நாடக மாநில ஆவணக் காப்பகம். முதலில் தியேட்டர் எந்தப் பக்கம் என்று தீர்மானித்துவிட்டுத் தேடுங்கள், நாட்கள் மிச்சமாகும்.

சென்னையைச் சேர்ந்த டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927–28இல் இந்தியச் சினிமா விசாரணைக் குழு ஒன்று நாடு முழுக்கச் சாட்சியம் வாங்கியது. அறிக்கையும் சாட்சியத் தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. மௌனப் படக் காலத்து டிக்கெட் விலை, ரசிகர்கள், முதலாளிகளின் குறை எல்லாம் அவரவர் வாயாலேயே சொன்னபடி இருக்கும். உங்கள் தியேட்டர் பெயர் அதில் இல்லாவிட்டாலும் அந்தக் காலம் புரியும்.

செய்தித்தாளில் செய்தியைவிட விளம்பரம் முக்கியம். டெக்கான் ஹெரால்ட் 1948இல் இருந்து வருகிறது, அதில் தினமும் 'இன்று' என்று தியேட்டர் வாரியாகப் படப் பட்டியல் வரும். வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் எடுத்துப் பார்த்தாலே எந்த வருடம் எந்த மொழி ஓடியது என்று வரைந்துவிடலாம். தமிழ் விளம்பரங்களுக்குத் தினச்சுடர் நாளிதழின் பழைய இதழ்கள். அல்சூர் ஏரிக்கரை அருகே 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கே வரும் மூத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தியேட்டரில் வேலை செய்த பெரியவரிடம் என்ன கேட்பது?

'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நல்லா இருந்தது' என்பார், அதோடு முடிந்தது. கையில் பிடித்த பொருளைப் பற்றிக் கேளுங்கள். என்ன கம்பெனி மெஷின்? குச்சி எங்கே வாங்கினீர்கள்? டிக்கெட் புத்தகம் யார் அச்சடித்தது? கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? சம்பளம் வாரமா மாதமா? பண்டிகை நாளில் யார் வீட்டுச் சாப்பாடு வரும்? இப்படிக் கேட்டால் பேச்சு தானாக ஓடும். போனில் பதிவு செய்யுங்கள், அவர் சம்மதம் கேட்டு. அவர் வீட்டில் ஒரு பழைய டிக்கெட்டோ போஸ்டரோ இருந்தால் படம் எடுத்துக்கொண்டு அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு வருடம் சொல்கிறார்கள். எதை நம்புவது?

அச்சில் வந்ததை முதலில், உரிமக் கோப்பை அதற்கும் முன்னால். ஆனால் ஒருவர் நினைவு வருடத்தில் பிசகினாலும் வரிசையில் பிசகுவது அபூர்வம். 'அக்கா கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஏசி போட்டார்கள்' என்று சொன்னால் கல்யாணப் பத்திரிகையைக் கேளுங்கள், வருடம் கிடைத்துவிடும்.

எங்கள் தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். உடனே என்ன செய்யலாம்?

உரிமையாளரிடம் நேரில் போய் மரியாதையாகக் கேளுங்கள். நிறுத்தச் சொல்லிப் போகாதீர்கள், படம் எடுக்க ஒரு நாள் அனுமதி கேட்டுப் போங்கள். பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை, அவர்களுக்கும் அது அப்பா, தாத்தா கட்டிய இடம். முகப்பு, டிக்கெட் கவுண்டர், வகுப்புப் பெயர்ப் பலகைகள், படிக்கட்டு, ஆபரேட்டர் ரூம், திரையின் பின்பக்கம், கூரைக் குழாய் எல்லாவற்றையும் எடுங்கள். அரங்கின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து ஒரு காகிதத்தில் வரையுங்கள். ஆபரேட்டர் ரூம் சுவரில் பென்சிலில் தேதியும் படப் பெயரும் ரீல் கணக்கும் எழுதி வைத்திருப்பார்கள், அதை நெருக்கத்தில் தெளிவாக எடுங்கள். ஆபீஸ் அறையில் தினசரி வசூல் லெட்ஜர் இருந்தால் அதுதான் தங்கம். எந்தப் படம், எந்த வகுப்பு, எத்தனை டிக்கெட் என்று நாள்வாரியாக இருக்கும். பழைய பேப்பர்க்காரரிடம் போவதற்குள் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள், முடிந்தால் லெட்ஜரையே கேட்டு வாங்கி, ஈரமும் பூச்சியும் அண்டாத இடத்தில் வையுங்கள். புரொஜெக்டரை இரும்பு விலைக்குப் போட நினைத்தால், அதன் கம்பெனிப் பெயர், எண் தகட்டையாவது எழுதிக்கொள்ளுங்கள். அதோடு, அன்று வேலை செய்யும் கடைசி ஊழியர்கள் எல்லோரையும் வாசலில் நிறுத்தி ஒரு குழுப் படம் எடுங்கள், பின்னால் இடமிருந்து வலமாக அவர்கள் பெயரை எழுதி அவர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள்.